உரோமானியர் பொற்காசும் உளி வெட்டும்

முற்காலத் தமிழர் கடல் கடந்து வாணிகம் செய்தனர் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். சான்று யாதெனக் கேட்பின், செய்யுள் ஒன்றைக் காட்டி அமர்ந்துவிடுகின்றோம். செய்யுளினும் எளிதில் மறுக்கவொண்ணாச் சான்று தமிழகத்து மண்ணிலேயே கிடைத்துள்ளது. அதனைப் படிக்கக் கற்றவரோ நம்மில் மிகச் சிலர்.

1898-ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சீமையிலே, கருக்காக்குறிச்சி என்னும் ஊரில், 501 உரோமானியப் பொற்காசுகள் அடங்கிய புதையல் வெளிப்பட்டது. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் (கி.பி. 69-79) ஈறாகவுள்ள மன்னர்களின் காசுகள் அவை. இத்தகைய காசொன்று கையிற் கிடைப்பின் அஃது எவருடையதென அறிவது எங்ஙனம்?

முதற்கண் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். அகஸ்டஸ் காலத்துக் காசு ஏறத்தாழ 7.8 கிராம் நிறையுடையது. கி.பி. 64-இல் நீரோ மன்னன் உரோமானிய இராத்தல் ஒன்றுக்கு 45 காசுகள் வீதம் அடிக்கச் செய்தமையால், நிறை 7.3 கிராம் அளவிற்குக் குறைந்தது. பிற்காலத்தே கான்ஸ்டன்டைன் வெளியிட்டதோ 4.5 கிராமே. எனினும், கைமாறித் தேய்ந்த பழங்காசு நிறையில் ஏமாற்றும். ஆதலின் எழுத்தையும் உருவையும் நோக்காது முடிவு கட்டலாகாது.

எழுத்துக்கள் இலத்தீன் மொழியின. சொற்கள் பெரிதும் குறுக்கப்பட்டவை. மன்னன் பெயரோடு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பெறும் ஓர் அதிகாரத்தின் எண்ணும் சிலவற்றில் உண்டு. அவ்வெண்ணைக் கொண்டு காசு அடித்த ஆண்டையே கூறிவிடலாம். டைபீரியஸ் (கி.பி. 14-37) காசின் ஒருபுறம் அவன் தலையும், மறுபுறம் செங்கோலும் தளிர்க்கிளையும் ஏந்தி அமர்ந்த மாதொருத்தியும் காணப்படும். அவளைச் சுற்றி "பொன்டிஃப் மாக்சிம்" என்றிருக்கும். தலைமைக் குரு என்பது பொருள். முடியைச் சூடியவனே குருபீடத்தையும் கைக்கொண்ட சூழ்ச்சியை அக்காசே பறைசாற்றுகின்றதன்றோ! நம் நாட்டிலே இரண்டும் வேறு வேறு கையிலிருந்து நம்மை வருத்தின; அவ்வளவே வேற்றுமை.

புதுக்கோட்டைக் காசுகளில் பிறிதொரு வியப்பும் உண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவற்றில் மன்னன் தலையின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கின்றது. பொன் மெய்யோ பொய்யோ எனச் சோதித்த வடு என்பர் சிலர். அயல் மன்னன் முகம் பொறாது சிதைத்தனர் என்பர் வேறு சிலர். புதையலை ஆராய்ந்த ஹில் என்னும் ஆங்கில அறிஞர், தேய்ந்த காசுகளை வழக்கினின்று நீக்கும் பொருட்டே வெட்டினர் எனக் கருதினார். எமக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகின்றது. பொன்னைச் சோதிக்க ஓரத்தில் ஒரு கீறல் போதுமே! முகத்தையே தேடி வெட்டுவானேன்? அங்ஙனமாயின், எது செல்லும், எது செல்லாது என ஆணையிடும் ஓர் அதிகாரம் அன்று இங்கே இருந்ததாதல் வேண்டும்.

இத்துணைச் செய்தியும் தட்டான் உலையில் ஒரு நொடியில் அழிந்துவிடும். துளையிட்டுக் கழுத்திற் கட்டுவதும், பூசைப் பெட்டியில் வைத்து மஞ்சள் பூசுவதும் அதற்கு அடுத்தபடி. புதையல் கண்டோர் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டுமென 1878-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. ஆனால், கண்ணூரை அடுத்த கோட்டயத்தில் 1847-இல் கிடைத்த பொற்காசுகளின் காலத்தில் அச்சட்டம் இல்லை. ஐவர் சுமக்கும் அளவினது எனப்பட்ட அப்புதையல், முழுதும் எண்ணப்படுமுன்னரே பலர் கைக்குச் சிதறிப் போயிற்று.