கொறங்காடு: கொங்கு நாட்டில் புல்லும் பயறும் கூடி வாழ்ந்த வரலாறு

'காடு' என்றால் வெளிமாநிலத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குப் புலியும் யானையும்தான் நினைவுக்கு வரும். கொங்கு நாட்டில் அப்படியில்லை. அங்கே ஆற்றுப் பாய்ச்சல் உள்ளது வயல், கிணற்றுப் பாய்ச்சல் உள்ளது தோட்டம், வானத்தை நம்பியது காடு. இந்த மானாவாரிக் காடுகளிலேயே ஒரு தனி வகை உண்டு. உழுது விதைத்து அறுப்பதற்காக அல்லாமல், மாடும் ஆடும் மேய்வதற்கென்றே வேலி கட்டிக் காக்கப்படும் நிலம் அது. அதற்குப் பெயர் கொறங்காடு. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரங்களில் இதை இன்றும் காணலாம்.

இந்தக் கட்டுரையாளன் கொங்கு நாட்டான் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். கொள்ளும் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விற்றுப் பிழைத்தவன். மாட்டுத் தீவனம் விற்கிறவனுக்கு ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கும்: தீவனம் வாங்க வழியில்லாத காலத்தில் நம் மக்கள் வறண்ட மண்ணில் இவ்வளவு நல்ல மாடுகளை எப்படி வளர்த்தார்கள்? அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் கொறங்காடு.

புல் மட்டும் போதாதா?

முதலில் விஷயத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். வெப்ப நாட்டுப் புல்லுக்கு ஒரு குணம் உண்டு. மழை பெய்ததும் மளமளவென்று வளரும். அதே வேகத்தில் முற்றியும் போகும். இளம்புல்லில் புரதம் நிறைய இருக்கும். பூ எடுத்து, விதை கட்டி, காய்ந்தபிறகு பார்த்தால் வெறும் நார்தான். புல்லில் உள்ள புரதம் நூற்றுக்கு 7 பங்குக்குக் கீழே போனால் மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்கே தீனி போதாமல் போகிறது என்று 1960-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். அப்புறம் எதிரே புல் மலைபோலக் கிடந்தாலும் மாடு தின்னாது, மெலிந்துவிடும்.

இங்கேதான் பயறு வகைச் செடி துணைக்கு வருகிறது. பயற்றுச் செடியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரு ஜெர்மானியர்கள் இதை 1886-இல் உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். அதனால் புல் காய்ந்த பிறகும் பயற்றுக் கொடியின் இலையில் புரதம் நிற்கிறது. உதிர்ந்த இலையும் வேரும் மக்கிப் பக்கத்துப் புல்லுக்கும் உரமாகின்றன. புல் வயிற்றை நிரப்பும், பயறு உடம்பைத் தேற்றும். நம் வீட்டில் சோற்றுக்குப் பருப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கொறங்காட்டின் அமைப்பு

காங்கேய வட்டாரம் பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, மலையின் மழை மறைவில் உள்ளது. தென்மேற்குப் பருவத்தில் காற்று வீசும் அளவுக்கு மழை வராது. ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை கிடைத்தால் பெரிது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வருவது. மண்ணோ சரளை கலந்த செம்மண், ஆழம் குறைவு. இப்படிப்பட்ட இடத்தில் ஆண்டுதோறும் உழுது பயிர் வைத்தால் மண்ணே காற்றோடு போய்விடும். நிலத்தைப் புல்லுக்கு விட்டது பெரியவர்களின் சோம்பல் அன்று, கணக்கு.

அடித்தளம் கொழுக்கட்டைப்புல். வேர் ஆழமாக இறங்கும். வறட்சியில் மேலே செத்ததுபோல் கிடந்தாலும் ஒரு மழைக்கு மீண்டும் துளிர்க்கும். அதன் இடையிடையே நரிப்பயறு, செப்பு நெருஞ்சி போன்ற பயற்றுக் குடும்பத்துச் செடிகளும் கொடிகளும் தாமாகவே முளைத்துப் படரும். மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். அதுவும் பயற்றுக் குடும்பம்தான். அதன் காய் ஆடுமாடுகளுக்கு விருப்பமான தீனி. புல் காய்ந்துபோன நாளில் கைகொடுப்பது. தின்ற காயின் விதை சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து புதுக் கன்றாக முளைக்கிறது. உச்சி வெயிலுக்கு மாடுகள் அந்த நிழலில் ஒதுங்கும். ஆக, தரையில் புல், அதனூடே பயறு, தலைக்கு மேலே மரம் என்று மூன்று அடுக்கு.

நாலாவது உறுப்பு வேலி. முள்கிளுவைப் போத்துகளை வெட்டி வரிசையாக நட்டால் அவை வேர்பிடித்து உயிர்வேலியாகிவிடும். ஒரே நிலத்தை இவ்வாறு பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படல் வைத்திருப்பார்கள். ஒரு துண்டில் மேய்ச்சல் நடக்கும்போது மற்றவை ஓய்வில் இருக்கும். மாடு நாக்கால் சுருட்டி உயரப் புல்லை மேயும். செம்மறி தரையோடு கடிக்கும். ஆகவே மாட்டை முதலிலும் செம்மறியைப் பின்னாலும் விடுவார்கள். புல் விதை உதிர்வதற்கு முன்னால் மேய்த்துவிட்டால் அடுத்த ஆண்டு காடு மொட்டை என்பது ஒவ்வொரு பண்ணையாளருக்கும் தெரியும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மண் இறுகிப்போனால் உழுது கொள்ளோ சோளமோ விதைத்து எடுத்து, மறுபடி புல்லுக்கு விடுவதும் உண்டு. மேலை நாட்டுப் பாடநூல்கள் 'சுழற்சி மேய்ச்சல்' என்று சொல்வதை நம்மவர்கள் படலைத் திறப்பதிலும் சாத்துவதிலுமே செய்துவிட்டார்கள்.

பொதுநிலமும் தனிநிலமும்

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் மேய்ச்சல் நிலம் என்றால் ஊர்ப்பொது. அரசுக் கணக்கில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று எழுதியிருக்கும். எல்லோருக்கும் உரிமை, யாருக்கும் பொறுப்பில்லை. ஊர்க் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு அங்கே மிஞ்சியது பெரும்பாலும் சீமைக்கருவேலமும் ஆக்கிரமிப்பும்தான். கொறங்காடோ பட்டா நிலம். தாத்தன் கட்டிய கிளுவை வேலியைப் பேரன் பழுது பார்ப்பான். பொதுநிலம் கூடாது என்று சொல்ல வரவில்லை. காப்பவன் ஒருவன் இருந்தால்தான் மேய்ச்சல் நிலம் நிலைக்கும் என்பதே இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும் உண்மை.

இந்த நிலத்தின் விளைச்சல்தான் காங்கேயம் மாடு. பிறக்கும்போது செந்நிறம், ஆறு மாதம் ஆவதற்குள் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். வண்டிக்கும் கவலைக்கும் பெயர்போன இனம். கொங்கரை ஆநிரை உடையவர்களாகப் பதிற்றுப்பத்தே குறிக்கிறது. பிற்காலத்தில் கன் என்ற ஆங்கிலேயர் 1909-இலும், லிட்டில்வுட் 1936-இலும் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதிய நூல்களில் காங்கேயத்துக்குச் சிறப்பிடம் தந்தார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் இந்த இனத்தைத் தேர்ந்து பெருக்கிய பெருமை உலகறிந்தது. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேரோடு கூடும் மாட்டுச் சந்தை இந்தப் பெருமைக்கு நேர்ச் சாட்சி.

கடல் கடந்த புல், கற்பித்த பாடம்

இனி ஒரு விந்தை. நம் கொழுக்கட்டைப்புல்லின் இனம்தான் ஆஸ்திரேலியாவில் 'பஃபல் புல்' என்று பெயர் பெற்று மாபெரும் மேய்ச்சல் வெளிகளை மூடியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஒட்டகங்களோடு போனவர்களின் சேணத் திணிப்பில் ஒட்டி அங்கே போய்ச் சேர்ந்தது என்பார்கள். அந்தப் புல்லுக்கு ஏற்ற பயற்றுச் செடியைத் தேடுவதில் வெள்ளையர்கள் பல பத்தாண்டுகள் செலவிட்டார்கள்.

முதலில் தென்னமெரிக்காவிலிருந்து தற்செயலாக வந்து டவுன்ஸ்வில் துறைமுகப் பக்கம் முளைத்த முயல்மசால் இனம் ஒன்று அவர்கள் கண்ணில் பட்டது. சூப்பர் பாஸ்பேட் தூவி, இலட்சக்கணக்கான ஏக்கரில் அதையே பரப்பினார்கள். மாடுகள் நன்றாகத் தேறின. 1973-இல் ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சை நோய் வந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்தச் செடி பெரும்பாலும் அழிந்தே போனது. ஒரே விதையை நம்பியதன் விலை அது. பிறகுதான் நோய் தாங்கும் வேறு முயல்மசால் வகைகளைக் கலந்து விதைக்கும் வழக்கத்துக்கு வந்தார்கள்.

சூபாபுல் கதை இன்னொன்று. இலை நிறையப் புரதம். ஆனால் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருந்ததால் அதை நிறையத் தின்ற மாடுகளுக்கு நோய் கண்டது. ஹவாய்த் தீவு ஆடுகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லையே, ஏன் என்று கேட்டார் ரேமண்ட் ஜோன்ஸ் என்ற அறிஞர். விடை, ஆட்டின் வயிற்றில் இருந்த ஒரு நுண்ணுயிர்! 1980-களில் அதை ஆஸ்திரேலிய மாடுகளின் வயிற்றுக்கு மாற்றி வெற்றி கண்டார்கள். 1992-இல் அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே சேர்த்துச் சூட்டினார்கள்.

நம் நாட்டிலும் 1962-இல் ஜான்சியில் புல், தீவன ஆராய்ச்சிக்கென்றே மத்திய நிறுவனம் ஏற்பட்டது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் மானாவாரி நிலத்துக்குக் கொழுக்கட்டைப்புல் மூன்று வரிசைக்கு முயல்மசால் ஒரு வரிசை என்று பரிந்துரைத்தது. முயல்மசால் விதையின் தோல் கெட்டி. சுடுநீரில் சிறிது நேரம் இட்டு எடுத்தால்தான் நன்கு முளைக்கும். இந்த அறிவும் நமக்கு வேண்டியதே. ஆனால் ஒன்றுக்குப் பலவாகச் செடிகளைச் சேர்த்து வைப்பதே பாதுகாப்பு என்ற முடிவுக்கு அவர்கள் பெரும் இழப்புக்குப் பிறகு வந்தார்கள். கொறங்காட்டில் அது முன்பே இருந்தது.

இன்று என்ன நிலை?

டிராக்டரும் பம்புசெட்டும் வந்தபின் உழவுக்கும் கவலைக்கும் மாடு தேவையில்லாமல் போயிற்று. பாலுக்குக் கலப்பின மாடு வந்தது. கொறங்காடுகள் மனைகளாகவும் காற்றாலைகள் நிற்கும் இடமாகவும் மாறிவருகின்றன. 2017-இல் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டபோது நாட்டு மாடு என்ற சொல் எல்லோர் வாயிலும் வந்தது. மாட்டைக் காப்பாற்று என்றோம்; அது மேயும் மண்ணைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

இதை வெளிமாநிலத் தமிழர்களுக்கு எழுதக் காரணம் உண்டு. நம்மில் பலருக்கு ஊரில் இரண்டு ஏக்கரோ ஐந்து ஏக்கரோ இருக்கிறது. பங்காளி பார்த்துக்கொள்கிறான் என்று விட்டுவிட்டோம், அல்லது தரகரின் தொலைபேசிக்குக் காத்திருக்கிறோம். 'தரிசு' என்று நாம் சொல்லும் அந்த நிலம் தரிசுதானா என்று அடுத்த விடுமுறையில் போய்ப் பாருங்கள். கொழுக்கட்டைப்புல் தூர் இருக்கிறதா, கிளுவை வேலி உயிரோடு இருக்கிறதா, வெள்வேலம் நிற்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வேலியைப் பழுது பார்க்கக் கூலி கொடுங்கள். ஆடுமாடு வைத்திருக்கும் ஊர்க்காரர் ஒருவருக்கு முறையான மேய்ச்சலுக்கு விடுங்கள். விற்றுத்தான் ஆகவேண்டும் என்றால் மேய்க்கிறவருக்கு முதலில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். புல்லை நட்டு வளர்க்கப் பல ஆண்டு வேண்டும். புல்டோசருக்கு ஒரு பகல் போதும்.

வாயில்லா உயிருக்கு ஒரு பிடி புல் கொடுப்பதை அறம் என்று எல்லாச் சமயங்களும் சொல்கின்றன. அந்தப் புல் முளைக்கும் நிலத்தை விட்டுவைப்பது அதனினும் பெரிய அறம்.