சோஷியல் டீச்சர் வேலை அவ்வளவு ஈஸியா? தருமபுரி அரசுப் பள்ளி ஆசிரியர்களும் 'டெட்' கெடுவும்

"கணக்கும் சயின்ஸும்தான் கஷ்டம், சோஷியல் மனப்பாடம் பண்ணினாலே போதும்." பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாடம் லேசு என்றால், நடத்துகிறவர் வேலையும் லேசு என்ற நினைப்பு கூடவே வந்துவிடுகிறது. ஆனால் 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, 15, 20 வருஷம் பாடம் நடத்தியவர்களையே மறுபடி பரீட்சைக்குப் படிக்க வைத்திருக்கிறது. தருமபுரி மாவட்ட உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் இதற்கு விலக்கு இல்லை.

யார் இந்த சோஷியல் டீச்சர்?

அரசுக் கணக்கில் இவர் 'பட்டதாரி ஆசிரியர்'. 6 முதல் 10-ம் வகுப்பு வரை சமூக அறிவியல் நடத்த வேண்டும். பெயர்தான் ஒரு பாடம். உள்ளே வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என நாலு இருக்கிறது. பத்தாம் வகுப்புப் புத்தகம் முதல் உலகப் போரில் ஆரம்பித்து, ஜி.எஸ்.டி. வரிக்கும் வந்து சேரும். வேலைக்கு எடுக்கும்போது வரலாறு படித்தவர், புவியியல் படித்தவர் என்று தனித்தனியாகத்தான் எடுக்கிறார்கள். பள்ளிக்குள் வந்த பிறகு ஹிஸ்டரி படித்தவர் பருவக்காற்றையும், ஜாக்ரஃபி படித்தவர் பிரெஞ்சுப் புரட்சியையும் நடத்தியாக வேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கை குறைவான பள்ளி என்றால் பாடத்துக்கு ஒரே ஆசிரியர்தான். அஞ்சு வகுப்புக்கும் அவர் ஒருத்தரே.

பொதுத்தேர்வில் அறிவியலுக்கு 25 மார்க் செய்முறைத் தேர்வில் கிடைத்துவிடும். சமூக அறிவியலுக்கு அந்தக் கைத்தாங்கல் கிடையாது, 100-க்கு 100-ம் எழுத்துத் தேர்வுதான். அதனால் படிப்பில் பின்தங்கிய பிள்ளையை 35 மார்க்குக்கு இழுத்து வர, இந்த ஆசிரியர்கள் ஒரு மார்க் கேள்விகளையும் வரைபடத்தையும் காலக்கோட்டையும்தான் நம்புகிறார்கள். மாலை ஸ்பெஷல் கிளாஸில் பிள்ளைகள் மேப்பில் ஆறுகளைக் குறித்துக் குறித்துப் பழகுவது இதற்காகத்தான்.

தருமபுரியில் என்ன விசேஷம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். தருமபுரி 68.54 சதவீதத்துடன் மாநிலத்திலேயே கடைசி. அதாவது, வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைகள் இங்கே நிறைய. வேலைக்காக வெளியூர் போகும் பெற்றோர், சித்தேரி போன்ற மலை கிராமங்களில் இருந்து இறங்கி வரவேண்டிய தூரம், இதெல்லாம் வருகைப் பதிவேட்டில் தெரியும். குழந்தைத் திருமணம் பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடும் மாவட்டமும் இதுதான். பத்தாவது முடித்த பெண் பிள்ளை ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்பில் உட்காருகிறாளா என்பதை முதலில் கவனிப்பது வகுப்பாசிரியர்தான். புகார் சொல்ல 1098 இருக்கிறது. ஆனால் அதே ஊரில் தினமும் வேலை பார்க்க வேண்டியவருக்கு அந்த ஒரு போன் கால் சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு பக்கம், சோஷியல் நடத்த இவ்வளவு தோதான மாவட்டம் அமைவது அபூர்வம். சங்க கால அதியமானின் பெயரில் அதியமான்கோட்டை, வயல் வரப்புகளில் நடுகற்கள், சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925-ல் உயிர் நீத்த பாப்பாரப்பட்டி, காவிரி விழும் ஒகேனக்கல் எல்லாமே பக்கத்தில். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பிரச்சினை இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. புவியியல் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நீதித்துறை பாடம் என்றால் அரூர் பக்கத்து வாச்சாத்தி. 1992-ல் பழங்குடி மக்கள் மீது நடந்த அரசுத் துறையினரின் வன்முறைக்கு, 2011-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. தீர்ப்பு வருவதற்குள் அவர்களில் 54 பேர் இறந்திருந்தனர். சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பை உறுதி செய்தது. கேள்வித்தாளில் வராது என்பதால் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்க முடிகிறதா என்பது வேறு கதை.

நேரம் எங்கே போகிறது?

எமிஸ் பதிவு, நலத்திட்டப் பட்டியல், போட்டிகள். போதாததற்கு தேர்தல் பணி. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கு மட்டும் ஆசிரியர்களை வெளியே அனுப்பலாம் என்கிறது. தேர்தல் பற்றி வகுப்பில் நடத்துகிறவரே வாக்குச்சாவடியில் இரவு தங்கி இயந்திரத்துக்குச் சீல் வைப்பதும் நடக்கும்!

டெட் தீர்ப்பு சொல்வது என்ன?

1 முதல் 8 வரை பாடம் நடத்தும் ஆசிரியர்கள், எப்போது பணியில் சேர்ந்திருந்தாலும் ஆசிரியர் தகுதித் தேர்வில் பாஸாக வேண்டும். ஓய்வு பெற 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு 2 ஆண்டு அவகாசம். தவறினால் கட்டாய ஓய்வு. 5 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் வேலையில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்டால் டெட் வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகள் விவகாரம் மட்டும் பெரிய அமர்வின் பரிசீலனைக்குப் போயிருக்கிறது.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் 9, 10-ஐ மட்டும் எடுப்பதில்லை, 6 முதல் 8-ம் அவர் கையில்தான். அதனால்தான் சிக்கல். 2005-ல் 30 வயதில் சேர்ந்தவரை எடுத்துக்கொள்வோம். அப்போது டெட் என்ற தேர்வே கிடையாது. ஓய்வு வயது 60 என்பதால் 2025-ல் அவருக்கு இன்னும் 10 வருஷ சர்வீஸ். ஆக, தேர்வு கட்டாயம்.

இரண்டாம் தாள் மொத்தம் 150 மார்க். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30, சமூக அறிவியல் 60. பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 90, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. சொந்தப் பாடத்தில் 60-க்கு 60 வாங்கினாலும் பொதுப்பிரிவில் இருப்பவர் இன்னும் 30 மார்க்கை சைக்காலஜியிலும் தமிழிலும் இங்கிலீஷிலும் தேட வேண்டும். பி.எட். முடித்து 20 வருஷம் ஆனவருக்கு வயிற்றைக் கலக்குவது அந்த 30 தான்.

தமிழ்நாடு அரசு சீராய்வு மனு தாக்கல் செய்தது. தீர்ப்பில் சொன்ன இரண்டு ஆண்டுக் கணக்கின்படி கெடு 2027 செப்டம்பர் 1.