தாயமும் பூசலும்

தாயம் என்னும் சொல் வழிவழி வரும் உரிமைப்பொருளைக் குறிக்கும். அதனோடு உறவுடைய 'தாயாதி' என்பதோ வழக்கில் பகையின் சாயலையும் ஏற்றது. ஒரு குடிப் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது கோவூர்கிழார் இடைநின்று பாடியமை புறநானூற்றால் அறியப்படும். தாயம் பூசலின்றிக் கைமாறுதற்குரிய வழியை ஈண்டு ஆராய்வோம்.

சென்னை வரலாற்றில் இதற்குத் தக்க சான்று பச்சையப்ப முதலியாரின் விருப்ப ஆவணம். 1794-இல், இறப்பதற்குச் சின்னாள் முன்னரே அவர் அதனை எழுதினார், திருவையாற்றில் மறைந்தார். அறங்களுக்குப் பொருள் ஒதுக்கியிருந்தும், பின்னெழுந்த வழக்குகளால் அவர் கருத்து நெடுங்காலம் முடங்கியது. அவர் பெயரால் பள்ளி தோன்றியது 1842-இல். இடைப்பட்டவை 48 ஆண்டுகள். உரியவரை ஒருப்படுத்தாத எழுத்து மட்டும் பூசலைத் தடுக்காது என்பது இதனாற் பெறப்படும்.

இந்துக் கூட்டுக்குடும்பப் பொருளில் தம் பங்கை விருப்ப ஆவணத்தால் வழங்கும் உரிமையை 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. அப்பொருளில் மகளிர்க்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989-இல், அதுவரை மணமாகாதவர்க்கு வாய்த்தது. நாடு முழுவதற்கும் 2005-இல் விரிந்தது. ஆகவே, மகளிரை விலக்கிய ஏற்பாடு வழக்கிற்கே வித்தாகும்.

நெசவுக்குப் பெயர்பெற்ற அனகாபுத்தூர் போன்ற ஊர்களில் இதன் அருமை விளங்கும். தறியும் குடியிருப்பும் ஒன்றாயமைந்த சிறு வீட்டை மக்கள் மூவர்க்குக் கூறிட்டால் தறிக்கு இடமிராது. வீட்டை ஒருவர் பெற, ஏனையோர் ஈட்டுத்தொகை பெறுதலே இயல்வது. அத்தொகையைப் பெற்றோர் தாம் நலமாயிருக்கும்போதே மக்கள் யாவரையும் கூட்டி முடிவுசெய்து, பின்னரே சான்றாளர் இருவர் ஒப்பமிட ஆவணம் எழுதுதல் தகும் என்பது எம் துணிபு.