வன்னியில் மோட்டார் வாகனம்: வாங்குதலும் பேணுதலும்

பொருள் ஒன்றை வாங்குதல் ஒரு நாட் செயல். அதனைப் பேணுதல் பல்லாண்டுச் செயல். மோட்டார் வாகனத்திற்கு இவ்வுண்மை மிகப் பொருந்தும். வாங்கப்பட்ட நாள் தொட்டு, அது எரிபொருளுக்கும் ரயருக்கும் பற்றரிக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தூரத்துத் துறைமுகங்களை எதிர்பார்த்தே நிற்கின்றது. ஆகவே, ஒரு பிரதேச மக்கள் தம் வாகனங்களை எவ்வாறு பேணினர் என ஆராய்வது, அப்பிரதேசம் வெளியுலகோடு எவ்வாறு இணைந்திருந்தது, எப்பொழுது அதனின்று துண்டிக்கப்பட்டது என்பதை ஆராய்வதாகவும் அமையும். கிளிநொச்சியை நடுவாகக் கொண்ட வன்னிப் பெருநிலப்பரப்பு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

கிளிநொச்சி, ஊர்விட்டு வந்தோரால் ஆகிய ஊர். 1902இல் தொடங்கப்பெற்ற இரணைமடுக் குளத்தின் வேலைகள் நிறைவுற்ற பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டின் மக்கள் நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டு 1936இல் இங்கே குடியேற்றம் தொடங்கப்பட்டது. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்களின் பின் மலையகத் தமிழர் பலரும் வன்னியை நாடி வந்தனர். பிறந்த இடம் வேறு, பிழைக்கும் இடம் வேறு என்றாகிவிட்ட இம்மக்களுக்குப் போக்குவரத்து ஆடம்பரமன்று. உறவையும் சந்தையையும் இணைக்கும் கயிறு. ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமான கண்டி வீதியும் அதனை ஒட்டிச் சென்ற வடபகுதிப் புகையிரதப் பாதையும் அக்கயிற்றின் இரு புரிகளாயின. வயல்களில் உழவு இயந்திரம் எருதின் இடத்தைப் பிடித்தது. 'லாண்ட் மாஸ்ரர்' என்ற ஒரு பிரித்தானிய வணிகப் பெயர், இரு சில்லு உழவு இயந்திரங்கள் அனைத்திற்கும் பொதுப்பெயராகி மக்கள் வழக்கில் நிலைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

பழைய வாகனத்தைப் பேணும் பழக்கம் போரோடு பிறந்ததன்று. 1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக இலங்கை அரசு கார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, புதிய கார் பெரும்பாலோருக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. ஆதலின், அதற்கு முன் வந்திறங்கிய ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் போன்ற பிரித்தானியக் கார்கள் தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்தாய்ச் சென்றன. தேய்ந்த பாகத்தைக் கடைந்தெடுத்தும் ஒட்டியும் மீண்டும் பொருத்தும் தொழில்வன்மை வடபகுதிக் கராஜ்களில் வளர்ந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு கற்பித்த அப்பாடமே பின்னர் வந்த பெருந்துன்பத்திலும் உதவியது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி ஓட்டம் நின்றது. கண்டி வீதி துண்டிக்கப்பட்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பொருட்கள் செல்வதை அரசாங்கம் தடுத்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு முதலியன தடைப்பட்டியலில் இடம்பெற்றன. படைத்துறைக்குப் பயன்படக்கூடும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். ஆயின், அதே பெற்றோலிலேயே நோயாளியை ஏற்றும் வாகனமும் ஓடிற்று; அதே பற்றரியிலேயே வானொலியும் பேசிற்று. வாகனத்தின் உரிமைப் பத்திரம் உரியவரின் பெட்டியில் இருந்தது. அதனை ஓடச்செய்யும் அதிகாரமோ அவர் கையில் இருக்கவில்லை.

இந்நிலையில்தான் மண்ணெண்ணெய் கார்களின் எரிபொருளாயிற்று. இதனை வெறும் வியப்புச் செய்தியாக நோக்குதல் போதாது; அதன் தொழில்நுட்ப நியாயமும் உணரப்பட வேண்டும். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த இயந்திரத்தில் அது பற்றிக்கொள்ளாது. எனவே, சிறு போத்தலில் அரிதாகச் சேமித்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இம்முறை உலகிற்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின் பின் பிரித்தானியாவில் ஆக்கப்பட்ட பேர்குசன் உழவு இயந்திரங்களுள் ஒருவகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எண்ணெயில் ஓடுமாறே வடிவமைக்கப்பட்டிருந்தது. பிரித்தானியப் பொறியியலாளர் உழவு இயந்திரத்திற்கு வகுத்த நெறியை, ஈழத்துத் தொழிலாளர் வேறு நோக்கில் ஆக்கப்பட்ட காருக்குப் பொருத்தினர் எனலாம்.

பழைய கார்கள் இதனைத் தாங்கியமைக்கும் காரணம் உண்டு. அவற்றின் இயந்திரங்களில் அழுத்த விகிதம் குறைவு. அழுத்தம் கூடிய புதிய இயந்திரங்களில் மண்ணெண்ணெய் உரிய தருணத்திற்கு வெளியே எரிந்து, உள்ளே தட்டொலி எழுப்பிப் பாகங்களைச் சிதைக்கும். இவ்வாறு, சாதாரண காலத்தில் புதியதற்கு இருந்த மதிப்பு தடைக்காலத்தில் பழையதற்குச் சென்றது.

எனினும், இதனைச் சாதனை என்று மட்டும் பாராட்டி அமைதல் வரலாற்று நேர்மையாகாது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்தது. பிளக்குகளிற் கரி படிந்தது. இயந்திரத்தின் ஆயுள் குறுகிற்று. வீதியெங்கும் புகை சூழ்ந்தது. இவற்றினும் கொடிதாகிய ஒன்று உண்டு. மின்சாரம் அற்றிருந்த வன்னியில் இரவில் மாணவர் படித்த விளக்கிற்கும் மண்ணெண்ணெயே வேண்டியிருந்தது. அதுவும் அளவோடு வந்த பொருள். வாகனத்தில் எரிந்த ஒவ்வொரு போத்தல் எண்ணெயும் எங்கோ ஒரு விளக்கில் எரிந்திருக்கக்கூடிய எண்ணெயே. ஓடவேண்டிய வாகனமும் படிக்கவேண்டிய பிள்ளையும் ஒரே போத்தலுக்குப் போட்டியிட நேர்ந்தமையே தடையின் உண்மையான கொடுமை. பெரும்பாலோர் சைக்கிளையே நம்பினர்; விறகும் நெல்லும் நோயாளியும் அதன் மீதே சென்றன.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். அவர்களிற் பலர் அடுத்த ஆண்டு கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். படகில் ஏறியவை பெரும்பாலும் மனித உயிர்களும் மூட்டைகளும் சைக்கிள்களுமே. தலைமுறையாகத் துடைத்துப் பேணிய கார்களைக் கைவிட்டு வந்தோர் பலர். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரும் இராணுவத்தின் வசமாயிற்று. மக்கள் மல்லாவி, புதுக்குடியிருப்பு முதலிய இடங்களுக்குச் சிதறினர்.

2002இன் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் கண்டி வீதி திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைகளைக் கடந்து பொருட்களும் புதிய வாகனங்களும் வந்தன. கனடா, ஐரோப்பா முதலிய நாடுகளில் வாழ்ந்த உறவினர் வான்களில் வந்து சென்றனர். புலிகளின் நிர்வாகம் வாகனங்களுக்கும் பொருட்களுக்கும் வரி அறவிட்டது. இச்செழிப்பு நீடிக்கவில்லை. 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடியது. 2008இன் பிற்பகுதியில் மக்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு பரந்தன் - முல்லைத்தீவு வீதி வழியே கிழக்கு நோக்கி நகர்ந்தனர். 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபொழுது, முள்ளிவாய்க்காற் பகுதியில் எரிந்த வாகனங்களும் சைக்கிள்களும் குவிந்து கிடந்தன. அவை பழைய இரும்பாக அகற்றப்பட்டன. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் பேணியிருந்தார் என்பதை அவ்விரும்பின் எடை கூறாது.

போருக்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று. வாங்குவதற்கு இருந்த தடைகள் நீங்கின. லீசிங் நிறுவனங்கள் கடன் கொடுத்தன. முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் தவணை முறையில் வாசலுக்கு வந்தன. ஆயின், நிலையான வருமானம் அற்ற குடும்பங்கள் தவணை தவறியபொழுது, வந்த வாகனம் வந்த வழியே திரும்பிற்று. முன்னர் வாகனம் இருந்தும் எண்ணெய் இல்லை. பின்னர் எண்ணெய் இருந்தும் வாகனம் நிலைக்கவில்லை. இரண்டிலும் பேணும் வலிமையே மறுக்கப்பட்டது.

2022இல் அந்நியச் செலாவணி வற்றியபொழுது இலங்கை முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றது. தெற்கில் பலர் அதனை வாழ்வில் முதன்முறை கண்டனர். வன்னி மக்களுக்கோ அது பழைய பாடத்தின் மறுவாசிப்பு. ஒரு வேறுபாடு உண்டு. 2022இன் வரிசை உலகச் செய்தியாயிற்று. 1990களின் மண்ணெண்ணெய்ப் புகை அந்த அளவிற்கு எவர் கண்ணையும் கரிக்கவில்லை.

போர்களின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது, இன்னும் எழுதப்படும். காபரேற்றருக்குள் துளி எண்ணி விட்ட கைகளின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படவில்லை. அத்தொழிலாளர்களுள் பலர் முதுமை எய்திவிட்டனர். அவர்களின் நினைவுகள் பதிவு செய்யப்படாவிடின், ஒரு சமூகம் தன்னைத் தான் எவ்வாறு ஓடச்செய்து கொண்டது என்ற அறிவும் அப்பழைய கார்களோடு சேர்ந்து துருவேறி மறைந்துவிடும்.