வடகடற் குன்றில் நாகை வாயில்

பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்கு வழி கூறி வள்ளலின் மனைக்கு அனுப்புவது ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படை காட்டும் வழி நம் மண்ணுக்கு மிக அண்மையில் செல்கிறது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்வோன் கடற்கரையில் எயிற்பட்டினத்தைக் கண்டு, வேலூரும் ஆமூரும் கடந்து, கிடங்கிலை அடைகிறான். எயிற்பட்டினத்தை மரக்காணப் பகுதியோடும், கிடங்கிலைத் திண்டிவனத்தோடும் அறிஞர் பொருத்திக் காண்பர். திருஞானசம்பந்தர் பாடிய திருவடுகூராகிய நம் திருவாண்டார்கோயிலிலிருந்து ஒரு பகலில் சென்று மீளத்தக்க ஊர்கள் இவை. கரை வழியே செல்வதும், ஒரு பெருமனையின் வாயிலில் நிற்பதும், அம்மனையின் செல்வத்தைக் கண்டு வியப்பதும் தமிழர்க்குப் பழகிய இலக்கியமே.

அப்பழைய பயணத்துக்கு இன்று மேலைநாட்டில் ஒரு புது வடிவம் உண்டு. இதில் வழிச்செல்வோன் வறியவன் அல்லன். பெரும்பொருள் கொடுத்துச் செல்லும் செல்வன். ஸ்காட்லாந்தின் தீவுகளையும் கடலோரப் பழமனைகளையும் சிறு கப்பலில் சுற்றி வரும் உல்லாசப் பயணமே அது. நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று வட்டத்து அன்பர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. அக்கரையில் ஒரு குன்றின் உச்சியில் நம் நாகப்பட்டினத்தின் பெயர் தாங்கிய வாயில் ஒன்று நிற்கிறது. அதனைக் கட்டுவித்தவர் நம் புதுச்சேரியை முற்றுகையிட்டு வென்றவர். இவ்வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவும் மாளிகையும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் எப்ரிடீஸ் எனப்படும் தீவுக்கூட்டம் உள்ளது. 1772இல் சோசப் பாங்ஸ் என்னும் இயற்கையியலார் ஸ்டாஃபா என்ற சிறு தீவின் கருங்கற்றூண் குகையை உலகறியச் செய்தார். மறு ஆண்டில் அகராதி ஆசிரியர் சாமுவேல் சான்சன், தம் நண்பர் பாஸ்வெல்லுடன் இத்தீவுகளிற் பயணம் செய்தார். 1829இல் மெண்டல்சன் என்னும் செருமானிய இசைமேதை ஸ்டாஃபாவைக் கண்டார். 1812இல் கிளைடு ஆற்றில் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், கற்றவர்க்கு மட்டும் வாய்த்திருந்த இப்பயணம் பிறருக்கும் எளிதாயிற்று. 1822இல் திறக்கப்பட்ட காலிடோனியக் கால்வாய் மேற்குக் கடலையும் கிழக்குக் கடலையும் மலைநாட்டின் ஊடே இணைத்தது.

இவ்வழக்கத்தின் பிற்கால வளர்ச்சியே சிறு கப்பல் உல்லாசப் பயணம். 1964இல் தீவு மக்களையும் அவர்தம் வண்டிகளையும் ஏற்றிச் செல்லக் கட்டப்பட்ட ‘கொலம்பா’ என்ற கப்பல், 1989இல் ஏறத்தாழ ஐம்பது விருந்தினர் மட்டும் தங்கும் மிதக்கும் மாளிகையாக மாற்றப்பட்டு ‘எப்ரிடியன் பிரின்சஸ்’ என்று பெயர் பெற்றது. பிரித்தானிய அரசி எலிசபெத் 2006இலும் 2010இலும் தம் குடும்பத்தாரோடு செல்ல இதனையே அமர்த்தினார். பெருங்கப்பல் புகவியலாத கடற்கழிகளிலும் சிறு கப்பல் புகும். தோட்டம் சூழ்ந்த பழமனைகளின் துறை வரை விருந்தினரைக் கொண்டு சேர்க்கும். பகலில் ஒரு மனை. இரவில் கப்பலில் விருந்து.

அம்மனைகள் எப்பொருளால் எழுந்தன என்பது வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய முதல் வினா. ஸ்கை தீவின் டன்வேகன், மல் தீவின் டுவார்ட் போன்றவை பழங்குடித் தலைவர்களின் கோட்டைகள். பிற்காலத்தில் எழுந்த மாளிகைகளின் கதை வேறு. லூயிஸ் தீவின் ஸ்டோர்னவே துறைமுகத்தை நோக்கி நிற்கும் லூஸ் மாளிகை, 1844இல் அத்தீவையே விலைக்கு வாங்கிய சேம்ஸ் மாத்திசன் கட்டியது. அவர் பொருள் சீனக் கடல் வாணிகத்தில், பெரிதும் அபினியில் ஈட்டியது. அவ்வபினி விளைந்தது இந்திய மண்ணில். ரம் தீவின் கின்லாக் மாளிகை, நூற்பாலை இயந்திரங்கள் செய்து விற்ற குடும்பத்தின் செல்வத்தால் 1900ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. அத்தீவின் குடிகளோ 1820களிலேயே ஆட்டு மந்தைகளுக்காக அப்புறப்படுத்தப்பட்டுக் கடல் கடந்து அனுப்பப்பட்டிருந்தனர். பயணிகள் வியக்கும் ஆளரவமற்ற அமைதி இயற்கை தந்ததன்று. மக்களை அகற்றியதால் வந்தது.

புதுவையை வென்றவர்

இப்போது கிழக்குக் கரைக்கு வருவோம். இன்வர்கார்டன் துறைமுகம் அமைந்த குரோமார்ட்டிக் கடற்கழியின் அருகே எவான்டன் என்னும் சிற்றூர் உள்ளது. அதனையடுத்த நோவார் மனைக்கு உரியவராய் இருந்தவர் சர் எக்டர் மன்றோ. 1764இல் பக்சார் போரில் ஆங்கிலக் கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கி வென்றவர் இவரே. வங்காளம் கம்பெனியின் கைக்குள் அடங்க அவ்வெற்றி வழிவகுத்தது.

1778இல் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்ட செய்தி இந்தியாவை எட்டியதும், மன்றோ சென்னையிலிருந்து படையோடு புறப்பட்டுப் புதுச்சேரியைச் சூழ்ந்தார். நகரைக் காத்து நின்றவர் ஆளுநர் பெல்கோம்ப். ஆகத்து மாதம் தொடங்கிய முற்றுகை அக்டோபரில் நகரின் சரணடைவோடு முடிந்தது. 1761இல் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டு, மீண்டும் மெல்ல எழுந்துகொண்டிருந்த நகரம் அது. அதன் கோட்டை அரண்கள் இரண்டாம் முறையாகத் தகர்க்கப்பட்டன. படை நடந்த வழியும் தீவனம் திரட்டிய நிலமும் நாட்டுப்புறங்களே என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1783ஆம் ஆண்டின் வெர்சேல்சு உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பித் தந்தபோது, வில்லியனூர், பாகூர் என்னும் இரு பகுதிகளையும் பெயர் சுட்டிக் குறித்தது. நிருபதுங்க பல்லவன் காலத்தில் வித்தியாத்தானத்திற்கு ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைச் செப்பேட்டால் நாம் அறியும் பாகூர், ஐரோப்பிய அரண்மனையொன்றில் பேரம் பேசப்படும் பொருளாயிற்று. நம் ஊர்கள் உலக வரலாற்றினின்று ஒதுங்கி இருந்ததில்லை.

1780இல் மன்றோவின் புகழுக்குப் பெருங்களங்கம் நேர்ந்தது. ஐதர் அலியும் திப்புவும் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையைச் செப்டம்பர் 10ஆம் நாள் அழித்தனர். சில கல் தொலைவில் காஞ்சியில் இருந்த மன்றோ, பெய்லிக்கு உதவ இயலாமற்போய், தம் பெரும்பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னை நோக்கிப் பின்வாங்கினார். மறு ஆண்டு நவம்பரில், கடற்படைத் தலைவர் இயூசின் துணையோடு ஒல்லாந்தரின் நாகப்பட்டினத்தை அவர் கைப்பற்றினார். 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் வென்று, 1690 முதல் தம் சோழமண்டலக் கரைத் தலைமையிடமாக வைத்திருந்த நகரம் அது.

குன்றின்மேல் வாயில்

தாயகம் திரும்பிய மன்றோ, தம் மனைக்கு மேலே 453 மீட்டர் உயரமுள்ள ஃபைரிஷ் குன்றின் உச்சியில், 1782ஐ ஒட்டி ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார். நடுவில் வளைவுகளால் இணைந்த தூண்கள். இருபுறமும் தனித்து நிற்கும் சிறு தூண்கள். நாகப்பட்டினக் கோட்டை வாயிலின் வடிவம் இது என்பது அந்நாட்டு வழக்கு. கீழே கடற்கழியில் வரும் கப்பல்களுக்கும் சாலையில் செல்வோர்க்கும் அது தொலைவிலிருந்தே தோன்றும்.

வேலையின்றி வாடிய ஊர் மக்களுக்குக் கூலி கிடைக்கவே மன்றோ இதனைக் கட்டுவித்தார் என்று கூறுவர். மேலே ஏற்றிய கற்களை அவரே கீழே உருட்டிவிட்டு, மீண்டும் ஏற்றச் செய்து கூடுதல் நாட்கூலி கொடுத்தார் என்றொரு செவிவழிக் கதையும் உண்டு. பஞ்சகாலத்தில் குளம் வெட்டிக் கூலி தந்த நம் நாட்டுக் கதைகளை இது நினைவூட்டும். எனினும் வரலாறு கதையோடு நிற்பதில்லை. 1792இல் அந்த ராஸ் வட்டாரத்து மக்கள், தம் நிலத்தைக் கொள்ளைகொள்ளும் ஆட்டு மந்தைகளை ஊரைவிட்டே ஓட்ட முயன்றனர். படை வந்து அடக்கியது. 1820இல் நோவார் மனையின் வழித்தோன்றல் கல்ரைன் என்னும் இடத்தில் குடிகளை வெளியேற்ற முற்பட்டபோது பெருங்கலகம் எழுந்தது. அவ்வழித்தோன்றலோ ஓவியர் டர்னரைப் புரந்த கலைச்செல்வர். கற்களை ஏற்றக் கூலி கொடுத்த மனையே, இரு தலைமுறைக்குள் குடிகளை ஏற்றி அனுப்பவும் துணிந்தது.

பக்சாரை வென்றவர், புதுவையை வென்றவர், நாகை வாயிலை மட்டும் ஏன் தேர்ந்தார்? அது அவர் இறுதி வெற்றி என்பது வெளிப்படை. பொள்ளிலூரின் இழுக்கை மறைக்க அதற்குப் பின் வந்த வெற்றி அவருக்குத் தேவைப்பட்டிருக்கலாம் என்பது என் கருத்து. காஞ்சியின் குளத்தில் எறிந்ததை ஸ்காட்லாந்தின் குன்றில் ஈடுசெய்ய விழைந்தார் போலும்.

நாகையிலோ அந்தக் கோட்டை இன்று இல்லை. மூல ஏடு அழிந்து, எங்கோ தொலைதூரத்தில் ஒரு படி மட்டும் எஞ்சிய நூலின் நிலை அது. எழுதியவன் தன் பெருமைக்காக எழுதிய படி. பாடவேறுபாடு நோக்க ஒப்பேடு கையில் இல்லை. 1006ஆம் ஆண்டளவில் ஸ்ரீவிசய மன்னன் எடுத்த சூடாமணி விகாரத்தை ஆனைமங்கலச் செப்பேடுகள் போற்றுகின்றன. மாலுமிகளுக்கு வழிகாட்டிய நாகைப் பழங்கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டது. அடிமைப்பட்ட மண்ணில் சின்னங்கள் அழிந்தன. அடிமைகொண்டோர் மண்ணில் அவற்றின் நிழல் காக்கப்படுகிறது.

சுவடி தேடிய தீவினர்

ஸ்காட்லாந்தினர் எல்லோரும் ஒரே நோக்கில் வந்தவர் அல்லர். லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேயில் 1754ஆம் ஆண்டளவில் பிறந்து, அங்கே சுங்க அலுவலராய் இருந்த காலின் மெக்கன்சி 1783இல் சென்னை வந்தார். 1793இல் புதுச்சேரி மீண்டும் முற்றுகையிடப்பட்டபோது பொறியாளராக அதிற் பங்குகொண்டார். ஆக, அவர் கையும் நம் நகர் மீது பட்ட கையே. ஆயினும் காவலி வேங்கட பொரையா முதலிய நம் நாட்டறிஞர் துணையோடு சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர் வரலாறுகளையும் திரட்டினார். 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நிலஅளவையாளர் ஆனார், 1821இல் மறைந்தார். அத்தொகுப்பின் தமிழ்ச் சுவடிகள் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இடம்பெற்றன. தமிழாய்வுக்கு அவை இன்றும் துணை.

ஒருவர் ஒரு வாயிலின் வடிவத்தைத் தம் குன்றுக்குக் கொண்டு சென்றார். மற்றவர் ஊர் ஊராய் மக்கள் சொன்னதை எழுதுவித்தார். இருவரும் கம்பெனியின் ஊழியர்களே. இருவர் விட்டுச் சென்றவையும் ஒன்றல்ல.

நம் கரை

இவ்வரலாறு நம் கரைக்கு ஏன் வேண்டும்? புதுச்சேரியில் அந்நாளில் கப்பல் அணையும் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட, சலங்குகள் என்னும் தையற்படகுகளில் அலை கடந்து ஆளும் சரக்கும் கரையேறின. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அக்கரையின் பரபரப்பு நாள்தோறும் பதிவாகியுள்ளது. ‘ஆனந்தப்புரவி’ என்ற கப்பலுக்கும் உரியவர் அவர். அவருடைய மாளிகை 1761இன் அழிவைக் கடந்து இன்றும் நிற்கிறது.

2022இல் அனுமதி மறுக்கப்பட்ட உல்லாசக் கப்பற்பயணம் 2025 சூலையில் புதுச்சேரியை வந்தடைந்தது. கப்பல் ஆழ்கடலில் நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரைசேர்ந்தனர். சலங்கு போய் விசைப்படகு வந்தது. மற்றபடி காட்சி பழையதே. வரவேற்பும் எதிர்ப்பும் எழுந்தன. வாணிகத்தை வேண்டாமெனல் தமிழர் மரபன்று. பூம்புகார் பாடியவர் வழிவந்தோர் நாம். ஆனால் வருவோர்க்கு நாம் என்ன சொல்லப்போகிறோம்? மஞ்சட் சுவரும் வெண்டூணும் மட்டுமா? அச்சுவரை எழுப்பிய கொத்தனார், சலங்கு தள்ளிய மீனவர், முற்றுகைக்கு நெல் பறிகொடுத்த வில்லியனூர், பாகூர் உழவர் ஆகியோரின் கதையை யார் சொல்வது?

ஸ்காட்லாந்தின் மனைகள் நமக்குக் கற்பிப்பது இதுவே. மாளிகை தன் கதையைத் தானே சொன்னால் அதனைக் கட்டியவனின் பெருமையையே சொல்லும். ஆற்றுப்படைப் புலவன் மனையை மட்டும் பாடவில்லை. வழியிலுள்ள நெய்தல், முல்லை, மருத நிலத்து மக்களையும் அவர் இட்ட உணவையும் பெயர் சொல்லிப் பாடினான். அந்த இலக்கணம் நம் கையில் இருக்கிறது.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவெய்தும் இவ்வேளையில் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஒருவராய்ப் பொறுப்பேற்று, முதியோர் வாய்மொழியையும் கோயிற் கல்லையும் பழமனையின் கதையையும் எழுதி வைப்போம். திருவாண்டார்கோயில் கல்வெட்டுகளில் அப்பணியைத் தொடங்கலாம். நாகை வாயிலை அயலான் தன் குன்றில் தன் வெற்றியாக எழுதிக்கொண்டான். நம் வாயில்களை நாமே எழுதுவோம்.