ஒன்றே பாடம்: ஹெப்பகோடித் தொடக்கப் பள்ளிகளில் கணிமையும் இணையப் பாதுகாப்பும்

பெங்களூருவின் ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராத் தொழிற்பேட்டைக்கும் இடையில் இருக்கிறது ஹெப்பகோடி. 1978இல் 332 ஏக்கரில் உருவாகத் தொடங்கிய எலக்ட்ரானிக் சிட்டி இன்று நாட்டின் மென்பொருள் தொழிலுக்கு ஓர் அடையாளம். 2025 ஆகஸ்டு 10 அன்று திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடம் இவ்வூருக்கும் ஒரு நிலையம் தந்திருக்கிறது. இங்கே வாடகை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்கள் பல கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்தும் ஆந்திரம், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவை. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் கன்னடம், கைப்பேசித் திரையில் ஆங்கிலம் என்ற சூழலில் இவர்களின் பிள்ளைகள் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு வருகிறார்கள்.

இப்பிள்ளைகளுக்குக் கணிமையையும் இணையப் பாதுகாப்பையும் எப்படிக் கற்பிப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கணிமையைத் திறன் என்றும் பாதுகாப்பை ஒழுக்கம் என்றும் பிரித்து, முன்னதை ஆய்வகத்துக்கும் பின்னதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கும் ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. இப்பிரிவினை தவறானது. இரண்டும் ஒரே பாடம். தொடக்க வகுப்புகளில் அதைக் கணினி இல்லாமலே தொடங்க முடியும். அதற்கான கருவி கர்நாடக வகுப்பறையில் ஏற்கெனவே இருக்கிறது.

இயந்திரத்திலிருந்து தொடங்கிய கொள்கைகள்

இந்தியப் பள்ளிகளில் கணினிக் கல்வி 1984இல் ‘கிளாஸ்’ திட்டத்துடன் தொடங்கியது. ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்து இறங்கின. 2004இல் வந்த தகவல் தொடர்புத் தொழில்நுட்ப (ஐசிடி) திட்டமும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளையே முதன்மையாகக் கருதியது. 2018இல் அது ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவுடன் இணைந்தபோது ஆறாம் வகுப்பு முதல் என்று விரிந்தது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகள் தொடர்ந்து வெளியிலேயே நின்றன. இத்திட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான எண்ணம் ஒன்று உண்டு: முதலில் இயந்திரம் வரட்டும், பாடம் பிறகு வரும்.

இப்போது நிலை மாறுகிறது. 2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலேயே கணினிச் சிந்தனையும் செயற்கை நுண்ணறிவும் அறிமுகமாகும் என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. ஆனால் 2024-25ஆம் ஆண்டுக்கான அரசின் பள்ளிப் புள்ளிவிவரமான யுடைஸ் தரவுப்படி நாட்டின் பள்ளிகளில் 64.7 விழுக்காட்டில்தான் கணினி வசதி உண்டு. இயந்திரத்துக்காகக் காத்திருந்தால் மூன்றில் ஒரு பள்ளிக்குப் பாடமே போய்ச் சேராது.

காத்திராமல் தொடங்கியதற்கு அண்டை மாநிலமே சான்று. 2018இல் வெளிவரத் தொடங்கிய தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் கணக்குப் பாடத்தின் ஓர் இயலாகத் ‘தகவல் செயலாக்கம்’ இடம்பெற்றது. பட்டியலிடுதல், வழித்தட வரைபடம், பாய்வுப் படம், மறைகுறியீடு ஆகியவற்றைத் தாளும் பென்சிலும் கொண்டே பிள்ளைகள் கற்கிறார்கள்.

ஏணியும் அட்டையும்

கர்நாடகத்தின் வாய்ப்பு இதனினும் நெருக்கமானது. 1995இல் மைசூர் மாவட்டம் எச்.டி. கோட்டையில் யுனிசெஃப் துணையுடன் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுதும் கீழ் வகுப்புகளுக்குப் பரவிய நலி-கலி முறையில் பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னம். சுவரில் மாட்டிய கற்றல் ஏணியில் தன் படி எது என்று குழந்தையே கண்டறிந்து, உரிய அட்டையை எடுத்து, உரிய குழுவில் போய் அமரும். தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலும் இதுவும் ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி முறையிலிருந்தே கிளைத்தவை.

வரிசை, நிபந்தனை, வகைப்படுத்தல், தன் நிலையைக் குறித்து வைத்தல் என்று கணினிச் சிந்தனையின் அடிப்படைகள் யாவும் இந்த ஏணியில் உள்ளன. இந்தப் படி முடிந்தால் அடுத்த அட்டை, முடியாவிட்டால் பயிற்சி அட்டை என்று ஆறு வயதுக் குழந்தை முடிவெடுக்கும்போது அது அல்காரிதத்தைப் பின்பற்றுகிறது. ஆசிரியர் செய்ய வேண்டியது, தான் செய்வதைக் குழந்தையே சொல்லிக் காட்டும்படி கேட்பது. பிறகு, தோழனுக்காக ஒரு சிறிய ஏணியை அதுவே அமைக்கச் செய்வது.

எச்சரிக்கை போதாது

பாதுகாப்புக் கல்வி பெரும்பாலும் தடைகளின் பட்டியலாக இருக்கிறது: படத்தை அனுப்பாதே, முன்பின் தெரியாதவரிடம் பேசாதே, ஓடிபி சொல்லாதே. ஏன் என்பது விளங்காத தடை, சூழல் சற்று மாறியதும் பயனற்றுப் போகிறது. ஊரகப் பிள்ளைகளின் கல்வி நிலையை ஆராயும் ஏசர் ஆய்வின் 2024 அறிக்கையின்படி, 14 முதல் 16 வயதினரில் சமூக ஊடகம் பயன்படுத்துவோருள் 62 விழுக்காட்டினருக்கே ஒரு கணக்கைத் தடுக்கவோ புகாரளிக்கவோ தெரிந்திருந்தது. பழக்கம் முந்திவிடுகிறது, அறிவு பின்தங்குகிறது. அறிவைத் தொடக்க வகுப்புக்கே கொண்டுவர வேண்டியது அதனால்தான்.

நலி-கலி வகுப்பறையில் உள்ளவற்றைக் கொண்டே அதைக் கற்பிக்கலாம். ஒரு குழந்தை தன் சிலேட்டில் ஒரு வரி எழுதுகிறது. மற்ற மூவர் அதைப் பார்த்துத் தத்தம் சிலேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். முதல் குழந்தை தன் வரியை அழிக்கிறது. மற்ற மூன்று சிலேட்டுகளும் அப்படியே இருக்கின்றன. அனுப்பிய படத்தை நாம் அழித்தாலும் அது அழிவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த எச்சரிக்கையும் சொல்லாது. அடுத்து, உறைமேல் ஒருவர் பெயரும் உள்ளே இன்னொருவர் எழுத்தும் உள்ள கடிதங்களைக் கொடுத்தால், பெயரும் படமும் ஆளுக்குச் சான்றல்ல என்பது புரியும். மூன்றாவதாக, கதை அட்டைகளை ஒரு பெட்டியில் வைத்து, யானைக் கதையை ஒரு குழந்தை எடுக்கும்போதெல்லாம் வேறொரு கதையை நீக்கிவிட்டு இன்னொரு யானைக் கதையைச் சேர்க்கலாம். சில நாளில் பெட்டியில் யானையே எஞ்சும். யூடியூப் பரிந்துரைகள் எப்படி அமைகின்றன என்பதற்கு எட்டு வயதுக்கு ஏற்ற விளக்கம் இது. இம்மூன்றும் பாதுகாப்புப் பாடமா, கணிமைப் பாடமா? பிரிக்க முடியாது. நகலெடுத்தல், அடையாளம், பின்னூட்டம் ஆகியவை கணிமைக் கருத்துகள். அவற்றை அறிவதே பாதுகாப்பு. 2014 செப்டம்பரில் இங்கிலாந்து கொணர்ந்த கணிமைப் பாடத்திட்டமும் ஐந்து வயதிலிருந்து அல்காரிதத்தையும் பாதுகாப்பான பயன்பாட்டையும் ஒரே பாடத்துக்குள் வைத்திருக்கிறது.

ஆனால் அங்குள்ள முறையை அப்படியே இங்கே நடலாகாது. குழந்தைக்கென ஒரு கருவி, அதைக் கட்டுப்படுத்தும் பெற்றோர் என்ற குடும்பப் படம் ஹெப்பகோடியின் ஓரறை வீடுகளுக்குப் பொருந்தாது. இங்கே கைப்பேசி ஒன்று. அப்பா இரவு ஷிஃப்டிலிருந்து வந்து தூங்கும்போது அது பிள்ளையின் கைக்குப் போகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. அவர்களை இலக்காக்கும் விளம்பரங்களைத் தடுக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அப்பாவின் கணக்கில் நுழைந்த குழந்தையை நிறுவனம் பெரியவராகவே காணும். சட்டம் எட்டாத அந்த இடத்தில் குழந்தைக்குத் துணை அதன் சொந்த அறிவும், நம்பிச் சொல்லக்கூடிய ஒரு பெரியவரும் மட்டுமே.

இன்னொன்றும் உண்டு. 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் பெங்களூரு சாமராஜப்பேட்டையில் ராஜஸ்தானிலிருந்து வந்த இளைஞரும், திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியும் அடித்துக் கொல்லப்பட்டனர். அப்போது பரவிய காணொளிகளில் ஒன்று, கராச்சியில் எடுக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படத்தை வெட்டிச் சுருக்கியது. வெளியூர்க்காரர்களால் நிறைந்த ஹெப்பகோடி இதை மறக்கக் கூடாது. குழந்தை தனக்கு நேரும் தீங்கை மட்டும் தவிர்த்தால் போதாது. தன் கைவழியே பிறருக்குத் தீங்கு போகாமலும் காக்க வேண்டும். செய்தி யாரிடமிருந்து புறப்பட்டது, இடையில் என்ன வெட்டப்பட்டது என்று கேட்கும் பழக்கம் அதற்கு வேண்டும்.

மறுப்புகள்

பணம் படைத்தோர் பிள்ளைக்குக் கணினி, ஏழைப் பிள்ளைக்கு அட்டையா என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. அட்டை கணினிக்கு மாற்று ஆகாது, அது முதற்படி. நான்காம் வகுப்பு முதல் பகிர்ந்து பயன்படுத்தச் சில கணினிகள் இருந்தே ஆக வேண்டும். இப்பகுதியின் பெருநிறுவனங்கள் தம் சமூகப் பொறுப்பு நிதியை அதற்கும் அதன் பராமரிப்புக்கும் தரலாம். கருத்தை முன்பே கற்ற குழந்தைக்குக் கருவி வரும்போது, அது விளையாட்டுப் பொருளாகவோ பூட்டிய அறைப் பொருளாகவோ முடங்கிவிடாது.

ஆசிரியருக்கு நேரமேது என்பது அடுத்த மறுப்பு. தனிப் பாடவேளை கேட்டால் அது நியாயம். ஏற்கெனவே உள்ள கணக்கு, மொழி அட்டைகளுக்குள் இவற்றைச் சேர்ப்பதால் சுமை கூடாது. கேரளத்தில் 2001இல் ‘ஐடி@ஸ்கூல்’ என்று தொடங்கி இன்று கைட் என இயங்கும் அமைப்பு, ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கி, கட்டற்ற மென்பொருளைக் கொண்டு வளர்ந்தது. அட்டைகளையும் ஆசிரியர்களே உருவாக்கினால்தான் அவை வகுப்பில் வாழும்.

செய்ய வேண்டியவை

ஹெப்பகோடிக்கு மூன்று பரிந்துரைகள். முதலாவது, அட்டைகள் கன்னடத்தில் இருக்கட்டும். அவற்றின் வீட்டுப் பிரதி தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா மொழிகளிலும் போகட்டும். தனக்கு நேர்ந்ததைக் குழந்தை அம்மாவிடம் சொல்ல வேண்டிய மொழி அதுதான். இரண்டாவது, பெற்றோர் கூட்டங்களை ஷிஃப்டு நேரத்துக்கேற்ப நடத்த வேண்டும். சொன்னால் அடியும் கைப்பேசிப் பறிப்பும்தான் கிடைக்கும் என்றால் எந்தக் குழந்தையும் சொல்லாது. குழந்தை மீது பிழையில்லை என்பதையும், குழந்தைகளுக்கான 1098, இணையக் குற்றப் புகாருக்கான 1930 ஆகிய உதவி எண்களையும் அக்கூட்டங்களில் அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்றாவது, மதிப்பீட்டில் விதிகளை ஒப்பிக்கச் சொல்லாமல், ஏன் என்று விளக்கச் சொல்ல வேண்டும்.

உலகுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு சாலையின் ஓரத்தில் வளரும் குழந்தைகள், அம்மென்பொருள் தங்களை என்ன செய்கிறது என்று அறியாமல் வளர்வது நியாயமல்ல. ஏணியும் அட்டையும் சிலேட்டும் வகுப்பறையில் இருக்கும்போது, கணினி வரட்டும் என்று இந்தப் பாடத்தை இன்னும் ஓர் ஆண்டு தள்ளிப்போடக் காரணமே இல்லை.