மணிக்கட்டுக்கு ஒரு கவசம்

1930-31 குளிர்காலம். இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் போலோ ஆட்டம். தலைக்கு நெட்டித் தொப்பி, முழங்காலுக்குத் தோல் காப்பு, குதிரைக் கால்களுக்குச் சுற்றுத்துணி. மட்டையில் சிக்காமலிருக்கக் குதிரையின் வாலைக்கூடப் பின்னி முடிந்துவிடுவார்கள். காக்கவேண்டிய எல்லாவற்றுக்கும் ஒரு காப்பு இருந்தது, ஒன்றைத் தவிர. ஆட்டம் முடிந்ததும் ஓர் அதிகாரி, கண்ணாடி நொறுங்கிய தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, போலோவைத் தாங்கும் கடிகாரத்தைச் செய்ய முடியுமா என்று சவால் விட்டார். எதிரே நின்றவர் சேசார் டி ட்ரே. பல் மருத்துவப் பொருட்கள் விற்றுப் பணம் பார்த்த சுவிஸ் வியாபாரி. அப்போது கடிகாரத் தொழிலுக்கு வந்திருந்தார்.

ஊர் திரும்பிய டி ட்ரே, கடிகாரப் பட்டறை நடத்திய நண்பர் ழாக்-டேவிட் லெகூல்த்ரிடம் விஷயத்தைச் சொன்னார். உறை செய்யும் வேலை பாரிஸில் ழேகர் நிறுவனம் வழியாகப் பொறியாளர் ரெனே-ஆல்ஃபிரெட் ஷோவோவிடம் போனது. அந்நாளின் கடிகாரக் கண்ணாடி ஓர் அடிக்கே விரிசல் விடும். ஷோவோ அதை வலுவாக்கப் போகவில்லை, ஒளித்துவைத்தார்! செவ்வக உறையைப் பக்கவாட்டில் தள்ளினால் தன் சட்டத்தில் நகரும். அப்படியே புரட்டி அழுத்தினால் 'டிக்' என்று பொருந்தும். கண்ணாடி மணிக்கட்டோடு படுத்துக்கொள்ளும், அடியை எஃகு முதுகு வாங்கும். இந்தக் கதையில் மிக அழகான யோசனை இதுதான். 1931 மார்ச் 4 அன்று பாரிஸில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. ஆனால் உள்ளே ஓட இயந்திரம்?

இயந்திரம் செய்வதில் பேர்போன லெகூல்த்ர் பட்டறையிலேயே இந்த உறைக்குப் பொருந்துவது ஒன்றுகூட இல்லை. முதல் கடிகாரங்கள் தவான் என்ற வேறு நிறுவனத்தின் இயந்திரத்தோடுதான் வெளிவந்தன. சொந்த இயந்திரம் 1933-இல்தான் வந்தது. அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது: ரிவெர்ஸோ.

அடி தாங்கச் செய்த வெற்று முதுகில் பிரபுக்கள் பெயரையும் குலச்சின்னத்தையும் உருவப்படத்தையும் பொறித்துக்கொண்டார்கள். பிறகு உலகப்போர் வந்தது, வட்டக் கடிகார மோகம் வந்தது. உற்பத்தியே நின்றுபோனது.

1972-இல் இத்தாலிய விற்பனையாளர் ஜார்ஜியோ கோர்வோ, ரிவெர்ஸோ செய்த தொழிற்சாலைக்குப் போனபோது அதன் காலி உறைகள் சுமார் 200 சும்மா கிடப்பதைப் பார்த்தார். அத்தனையையும் வாங்கி, இயந்திரம் பொருத்தி இத்தாலியில் விற்பனைக்கு வைத்தார். ஒரே மாதத்தில் எல்லாம் தீர்ந்தன. ரிவெர்ஸோ பிழைத்தது.

போலோ மட்டைக்கு அஞ்சாத அந்த உறைக்கு ஒரே ஒரு பயம் பாக்கியிருந்தது: தண்ணீர். 1985-இல் பொறியாளர் டேனியல் வில்ட் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாகங்களோடு அதைப் புதிதாக வடிவமைத்து, நீரும் தூசியும் புகாமல் அடைத்தார்.